பத்தாம் இடம்

கொட்டகைக் கூரையில் பத்துச் சோலார் பலகைகள்.
ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு,
போனில் பத்துக் கோடுகள்.
ஒன்பது கோடுகள்
காலையில் எழுந்து, உச்சியில் நிமிர்ந்து,
மாலையில் படுத்துக்கொள்கின்றன.
பத்தாவது மட்டும்
நான்கு மணிக்குத் தடுக்கி விழுகிறது.
நாற்பது நிமிடம் கழித்து
ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நடக்கிறது.

பாலாடைக்கட்டி ஆலையில் இருபத்தாறு வருடம்
கணக்கு எழுதியவள் நான்.
ஐந்து சென்ட் இடித்தால்
விளக்கணைக்க மாட்டேன்.

"சரக்கே மட்டம்" என்றார் ஸிக்மாஸ்,
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று.
அவருக்கு எல்லாச் சரக்கும் மட்டம்தான்,
தான் புகைக்கும் விலாங்கைத் தவிர.

முதலில் அழுக்கைச் சந்தேகித்தேன்.
மே மாதம், நேமுனாஸ் கழிமுகமெங்கும்
பைன் மகரந்தம் மஞ்சளாய்ப் படியும்.
விடிகாலையில், கண்ணாடி சூடேறுமுன்,
மென்துடைப்பமும் மழைநீருமாய் ஏறிக் கழுவினேன்.
பத்தும் பளபளத்தன.
நான்கு மணிக்குப் பத்தாவது விழுந்தது.

தௌத்விதாஸ் வந்தான். கிளைபேடாவிலிருந்து
ஒரு மணி நேரம் வேன் ஓட்டி.
இணைப்புகளைக் கழற்றிப் பார்த்தான்,
பச்சை பூத்திருக்கிறதா என்று.
இல்லை.
மீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும்
வைத்தான், எடுத்தான், உதட்டைப் பிதுக்கினான்.
வந்த நேரம் காலை பதினொன்று.
பதினொரு மணிக்கு எந்தக் குற்றவாளியும் யோக்கியன்தான்.

"மாற்றிப் பார்ப்போம்" என்றேன்.
மூன்றாவதைப் பத்தாம் இடத்தில்,
பத்தாவதை மூன்றாம் இடத்தில்.
கையிருப்பு இடித்தால்
ஆளை மாற்றி உட்கார வைத்து
மறுபடி எண்ணச் சொல்வோம் ஆலையில். அதே வழிதான்.

மறுநாள் மாலை
பழைய பத்தாவது, மூன்றாம் இடத்தில்,
படிப்படியாய் இறங்கிப் படுத்துக்கொண்டது.
நல்ல பிள்ளையாய் இருந்த மூன்றாவது
நான்கு மணிக்கு விழுந்தது.
குறை பலகையோடு போகவில்லை.
இடத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் இடத்தைப் பார்க்க வேண்டும்.
ஏணியின் ஆறாம் படியில்
காப்பிக் குவளையோடு உட்கார்ந்தேன்.
மூன்று ஐம்பது. ஒன்றுமில்லை.
மூன்று ஐம்பத்தைந்து. ஒரு குளவி.
நான்கு அடித்து இரண்டு நிமிடம்:
பலகையின் கீழ்விளிம்பில் ஒரு கறை ஏறியது.
முள்முள்ளாய், வண்டிச் சக்கரம் அகலத்தில்.
கறைக்கு நடுவே ஒரு கோடு,
கோட்டின் நுனியில் ஒரு வளைவு.
வளைவு திரும்பிப் பார்த்தது.

போன வருடம் மின்வாரியம்
கம்பத்தின் தலையில் இரும்புத் தட்டு பொருத்தியபோது
நான்தான் கையெழுத்திட்டேன், கூடு கட்டட்டும் என்று.
மார்ச் கடைசியில் நாரை இரண்டு வந்தன.
அன்றிலிருந்து குச்சி, வைக்கோல், சாணிக்கட்டி,
ஸிக்மாஸின் தொலைந்துபோன இடது கையுறை.
நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
அண்ணாந்துதான் பார்த்தேன்.
அது எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை.

நஷ்டம் நாளுக்குக் கால் யூனிட்.
மாதம் ஒன்றரை யூரோ.
நோட்டில் புதுப் பத்தி கோடு போட்டு
மேலே எழுதினேன்: நாரை.
"வாடகை வசூல் பண்ணு" என்றார் ஸிக்மாஸ்.
"முதலில் உங்கள் கையுறையை வசூலியுங்கள்" என்றேன்.

ஜூன் பாதியில் பள்ளம் அகலமானது.
நாற்பது நிமிடம் ஐம்பதானது.
மேலே எட்டிப் பார்த்தன சாம்பல் தலைகள்: ஒன்று, இரண்டு.
ஜூலை ஏழாம் தேதி
பள்ளத்துக்குள் இன்னொரு சின்னப் பள்ளம்.
மேகமில்லை. குழாய் வைத்துக் கழுவிய மறுநாள்.
மூன்று நாள் அதே இடத்தில் அதே பல்தடம்.
பைனாகுலரை எடுக்கவில்லை.
நோட்டில் எழுதினேன்: மூன்று.
ஞாயிறன்று மூன்றாவது எழுந்து நின்றது,
தள்ளாடி, அண்ணன்மார் முதுகில் சாய்ந்து.

மாலை தௌத்விதாஸ் போன் செய்தான்.
பின்னால் கேட்ட படபடப்பு
மீட்டர் சத்தமா என்றான்.
அலகுகள் என்றேன்.
"குறை சரியாயிற்றா?"
"இல்லை. இன்னும் வளர்கிறது."