ஆ காட்டு

பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்த்தால்
எல்லாரும் முதலில் கேட்பது
ஆத்துத்தண்ணி வருமா என்றுதான்.
நான் கொல்லைக் குழாயைத் திறந்து
வாளி விளிம்பில் படிந்த வெள்ளையை
நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு
அட்வான்ஸ் கொடுத்தேன்.
சாலமோன் சாருக்கு
இன்னும் அது விளங்கவில்லை.

தாமிரபரணி ஒத்துக்கொள்ளாத மீன்.
பருப்பு வேகாத, சோப்பு நுரைக்காத
போர்த்தண்ணியில்தான் மஞ்சள் பிடிக்கும்.
ஆப்பிரிக்காவில் பாறை சூழ்ந்த ஏரியாம் அதன் ஊர்.
வண்ணார்பேட்டைக் கடையில் இசக்கியப்பன் சொன்னது.
ஜோடி நானூறு.

பத்தொன்பது நாளாய் அவள் எதுவும் தின்னவில்லை.
தாடைக்கடியில் பை தொங்குகிறது,
திருடின நெல்லிக்காயை அடக்கிக்கொண்டு
கேட்டதற்குப் பதில் சொல்லாத பிள்ளை மாதிரி.
தீனி போட்டால் கிட்டே வருவாள்,
பார்ப்பாள்,
போய்விடுவாள்.
மற்றதெல்லாம் தின்கிறது.
அவனும்தான்.

வாயும் வயிறுமா இருக்கா என்று சொல்வோமே,
இவளுக்கு வாய் மட்டும்.
வயிறு
கத்தி முதுகாய் ஒட்டிவிட்டது.

எனக்குப் பகல் முழுக்க வாய்தான் வேலை.
முருகன்குறிச்சி பல் ஆஸ்பத்திரியில்
ஆ காட்டுங்க, இன்னும் கொஞ்சம்,
நாக்கை அந்தப் பக்கம் ஒதுக்குங்க.
எச்சில் உறிஞ்சும் குழாயைக் கடைவாயில் மாட்டி
லைட்டைத் திருப்புவேன்.
பாக்கு வாய், பயந்த வாய்,
மரத்துப்போன பிறகும்
மருமகளைப் பேசுகிற வாய்.
ஒன்றுக்கும் என் கை நடுங்கினதில்லை.

இருபத்தோராம் நாள் ராத்திரி
லைட்டை அணைத்து, வலையை நனைத்து
மெல்ல அவளை மூலைக்கு ஒதுக்கினேன்.
ஈர உள்ளங்கையில் ஒரு துடிப்பு.
தலைகீழாய்ப் பிடித்து
பல்குத்தும் குச்சியின் மழுங்கின முனையைக்
கீழுதட்டில் வைத்தேன்.
ஆ காட்டு
என்று சொல்லியும்விட்டேன்.
பழக்கதோஷம்.

ஒன்றும் வரவில்லை.
பிறகு ஒரு கண்.
வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்து
உள்ளே போய்விட்டது.

மூச்சு விடட்டும் என்று தண்ணீரில் முக்கினேன்.
மறுபடியும் குச்சி.
இந்தத் தடவை பொரி சிந்தினாற்போல,
வால் முளைத்த பொரி,
வயிற்றடியில் கருவின் மிச்சத்தோடு.
எண்ணினேன். இருபத்தாறு.
எங்கே நிற்கிறது? இருபத்தேழு.

கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா
மோர் டம்ளரோடு மேலே வந்தவள்
"ஏட்டி, பெத்தவ வாயில இருந்தா புடுங்குத?
பாவமில்லியா?" என்றாள்.
பாவம்தான்.
விட்டிருந்தால் அவளே துப்பியிருப்பாள்,
துப்பின இடத்தில்
தகப்பனோடு ஏழு பேர் காத்திருப்பார்கள் என்றேன்.
"அது சரி" என்று
ஒரு மடக்குக் குடித்துவிட்டு
அவளும் எண்ணத் தொடங்கினாள்.
அவளுக்கு முப்பது வந்தது.

பாட்டிலில் கல்லுப்புக் கரைசல்,
அதில் இறால் முட்டை, காற்றுக்குழாய்.
ஒரு நாள் கழித்துப் பார்த்தால்
காவிநிறத் தூசு உயிரோடு குதிக்கிறது.
பொடிகளுக்கு மூன்று வேளை அதுதான்.
"ஒரு இஞ்ச் ஆகட்டும், உருப்படிக்கு முப்பது தாரேன்"
என்று இசக்கியப்பன் போனில் சொன்னான்.
அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒருத்தி
மகள் பல்லுக்குக் கம்பி கட்ட
டாக்டர் சொன்ன தொகையைக் கேட்டு,
"வாயக் கட்டி வயித்தக் கட்டி வளத்ததுக்கு
வாய்க்கே கம்பியா?" என்றாள்.
டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.
நான் வீட்டுத் தொட்டியை நினைத்துக்கொண்டு
ரசீதில் தேதியைத் தப்பாய் எழுதினேன்.

தனித்தொட்டியில் அவள்.
வாய் காலி.
ஆனாலும் மெல்கிறாள், உருட்டுகிறாள்,
தாடை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.
மூன்று நாள் இப்படி.
நாலாம் நாள் புழுவைப் பிடித்தாள்.
பிடித்த கையோடு திரும்பி
பக்கத்துத் தொட்டிப் பொடிகளைப் பார்த்தாள்.
தேடுகிறாளா, இன்னும் பசிக்கிறதா,
எனக்குப் பிடிபடவில்லை.
இரண்டு கண்ணாடிக்கும் இடையில்
யாரோ வாங்காமல் போன
எக்ஸ்ரே ஒன்றைச் சொருகினேன்.
யாருடையதோ தாடை,
பல்லெல்லாம் வரிசையாய்,
லேசாகத் திறந்து.