முந்நூற்று அறுபது மீட்டர்

நகராட்சி எனக்குக் கொடுத்தது
நீளக் கைப்பிடி வைத்த ஒரு சக்கரம்.
மீட்டருக்கு ஒருமுறை டிக் என்னும்.
துண்டறிக்கையின் முதல் வரி ஏற்கெனவே அச்சுக்குப் போயிருந்தது:
எளிய நடை. ஏற்றம் இல்லை. எல்லோருக்கும் உகந்தது.
தூரத்துக்கான கட்டம் மட்டும் காலி.

டோலென்ஸ்காவில் ஜூன்.
தேவாலயத்தின் பின்சுவரில் பூஜ்யம் வைத்துப் புறப்பட்டேன்.
நானூற்றுப் பத்தில் பால்கேன் வைக்கும் கல்மேடை;
கேன் இல்லை, மேலே ஒரு பூனை.
தொள்ளாயிரத்தில் தேன்பெட்டிகள்,
முகப்புப் பலகையில் யாரோ வரைந்த கரடி
வேட்டைக்காரனைப் பாடையில் தூக்கிப்போகிறது.
சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டேன்: பாரம்பரியம், ஒன்று.

இரண்டு பக்கமும் பேரிமரங்கள்.
யாரும் பறிக்காத ரகம், கல்போல் இருக்கும்,
சாராயத்துக்கு மட்டும் ஆகும்.
அவற்றின் நிழல் சாலையில் விழுந்து விழுந்து
தார் அங்கங்கே குளிர்ந்திருந்தது;
செருப்பு வழியாகவே தெரிந்தது.
ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டியவர் ஒரு விரலைத் தூக்கினார்.
நானும் ஒரு விரல்.
இங்கே வணக்கம் அவ்வளவுதான்.

மூவாயிரத்து இருநூறில்
புல் காயப்போடும் கூரைச்சட்டம்,
ஓக் தூண்கள், குறுக்கே கம்புகள்,
கம்புகளில் நேற்றைய புல் துவைத்த துணிபோல.
அங்கிருந்து கிராமத்து லிண்டன் மரம் தெரிகிறது.
மரமெங்கும் பூ, மரமெங்கும் தேனீ.
தூரத்திலிருந்து கேட்டால்
யாரோ மோட்டாரை நிறுத்த மறந்ததுபோல.

மரத்தடியில் யெர்னெய் நின்றிருந்தான்,
இரண்டு ஊன்றுகோலில்.
மார்ச்சில் இதே கூரைச்சட்டத்தின் மேலேறி
ஓடு மாற்றும்போது விழுந்தவன்.
"அளக்கிறாயா?"
"அளக்கிறேன்."
"ஏற்றம் இல்லை என்று எழுதுவீர்களே."
"எழுதியாகிவிட்டது."
ஊன்றுகோலால் சாலையைக் காட்டினான்.
சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவே
வரைபடம் கண்டுகொள்ளாத ஒரு மேடு,
பசு ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு.
"வர முப்பத்தைந்து நிமிஷம்," என்றான்.
"இனி திரும்பணும்."

எனக்கு மேற்கே போகவேண்டும்.
இன்னும் மூன்று கிலோமீட்டர், ஒரு சிலுவைத்தூண்,
ஒரு பழைய மாவு ஆலை, நாலு மணிப் பேருந்து.
சக்கரத்தைக் கிழக்கே திருப்பினேன்.
கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.
உருட்டிக்கொண்டே போனேன்.

டிக்.
ஒரு ஊன்றுகோல், இன்னொரு ஊன்றுகோல், கால், பிறகு அந்த இன்னொரு கால்.
டிக்.
மாட்டைப் பற்றிச் சொன்னான். மழை வராது என்றான்.
மேட்டின் உச்சியில் நின்றான்;
நானும் நின்றேன், எனக்கும் மூச்சு வாங்குவதுபோல.
கண்டுபிடித்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை.
சட்டத்தின் தூணில் கைவைத்து, "போ, பேருந்து போயிடும்."
நூற்றெண்பது.

திரும்பி வரும்போதும் சக்கரத்தைத் தூக்கவில்லை.
இன்னொரு நூற்றெண்பது.
பேருந்து போய்விட்டது.

அலுவலகத்தில் ஸ்வோன்கா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"வரைபடத்தில் ஆறு புள்ளி ஒன்று வருகிறதே?"
சக்கரம் பொய் சொல்லாது என்றேன்.
அது உண்மைதான்.

ஆறரை என்று அச்சாகிவிட்டது.
சனிக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள்,
தொப்பியும் தண்ணீர்க் குப்பியுமாக.
நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது அவர்களுக்கு.
கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.
இன்று நன்றாக நடந்திருக்கிறோம் என்று
ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிறார்கள்.