காற்றுக் கணக்கு

மூன்று நாளாய்க் கச்சான் காற்று
பாலையூற்றுப் புழுதியை அள்ளி
என் கராஜ் கூரைத் தகரத்தில் அறைகிறது.
இந்த ஊரில் காற்றுக்குக் குறைவில்லை.
மெற்றில்டாவின் ஐஸ் லொறிக்குள்ளும்
அதுதான் கூடிப்போயிற்று.

மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கி ஒரு கிழமை.
கொட்பேயில் ஐஸ் இறக்கும்வரை
நிற்கிற இடத்தில் நடுங்குகிறதாம்,
ஓடத் தொடங்கினால் சரியாம்.
"காய்ச்சல்காரன் மாதிரி, படுத்தால்தான் நடுக்கம்" என்கிறாள்.
டவுனில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு
சென்சர் மாற்றச் சொன்னாராம், நாற்பத்தெட்டாயிரம்.
எத்தனை ஐஸ் கட்டி அது,
அதில் எத்தனை வழியில் உருகும் என்று
அவள் மனசுக்குள் ஓடியிருக்கும்.

ஸ்கேனர் நூற்றி எழுபத்தொன்று என்றது.
காற்று கூட, பெற்றோல் குறைய.
குறையைச் சொல்லும், ஆளைக் காட்டாது.
சாத்திரியும் இவ்வளவுதான் சொல்வார்,
காசு மட்டும் கூட வாங்குவார்.

சும்மா நிற்கையில்
இருபத்தாறு வீதம் மேலதிகமாய் ஊற்றுகிறது எஞ்சின்.
காலால் அமர்த்தினேன்.
மூவாயிரம் சுற்றில் ஐந்துக்கு இறங்கிற்று.
அப்படியென்றால் பம்ப் குற்றமில்லை.
பம்ப் களைத்திருந்தால் ஓட ஓடத் தாகம் ஏறியிருக்கும்.
இது எங்கேயோ ஒரு சின்ன ஓட்டை.
பெரிய மூச்சில் அது கணக்கில் வராது,
சின்ன மூச்சில் எல்லாவற்றையும் கெடுக்கும்.

சென்சரும் பொய் சொல்லவில்லை.
வாசலில் இருந்து
தன்னைக் கடந்துபோன காற்றை ஒழுங்காய் எழுதிவைத்திருக்கிறது.
பின்வேலியால் வந்தது
அதன் கொப்பியில் இல்லை.

பிஸ்கற் தகரம், பழந்துணி, பேபி ஒயில்,
பழைய டீசல் எஞ்சினில் கழற்றிய சூட்டுப் பிளக்.
எங்கள் புகை மெஷின் இவ்வளவுதான்.
இஃப்லால் ஊதினான்.
எங்கே கசிகிறது என்று பார்க்குமுன்னம்
கச்சான் வந்து புகையைக் கொண்டுபோயிற்று.
இரண்டு கதவையும் சாத்தினோம்.
வெக்கை.
கதவிடுக்கால் தலையை விட்டு
ஒரு புள்ளிமான்
புது ஃபில்ட்டர் வந்த பெட்டியைச் சப்பத் தொடங்கிற்று.
ஒருவரும் துரத்தவில்லை.

அசையாமல் நின்றோம்.
மெனிஃபோல்டுக்கு அடியிலிருந்து
நூல் மாதிரி ஒன்று எழும்பி
பொனெற்றைத் தொட்டுக் கலைந்தது.

கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்தேன்.
முழங்கை மாதிரி வளைந்த ஒரு ஹோஸ்.
மேலே சைக்கிள் ரியூப் துண்டு,
பச்சை வலைநூலால் வரிந்து கட்டினது.
"எந்த மடையன்ர வேலை இது?"
வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பிறகுதான் நுனியைக் கண்டேன்.
இரண்டு சுற்று, இடப்பக்கம் செருகல்.
என் வலக்கைப் பெருவிரல் மடங்காது.
திருகோணமலையில் இப்படி முடிகிறவன் ஒருவன்தான்.

தம்பலகாமத்து வளைவு, மழை, ரோர்ச் வெளிச்சம்.
லொறி அப்போது வேறொருவரின் பெயரில்.
"நாளைக்குப் புதுசு போடுங்கோ" என்று சொல்லியிருப்பேன்.
அந்த நாளைக்கு ஒன்பது வருசம்.
முடிச்சு இன்னும் இறுக்கம்தான்.
அதற்குக் கீழே ரப்பர்தான்
பப்படம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

புது ஹோஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணினோம்.
இருபத்தாறு, பதினொன்று, நாலு, மூன்று.
நடுக்கம் நின்றது.
வண்டிக்கு அடியில் ஐஸ் தண்ணீர்
சின்னக் குளமாய்த் தேங்கியிருந்தது.

"ஹோஸ் காசு மட்டும் தாங்கோ."
மெற்றில்டா பேர்ஸைத் திறக்கவில்லை.
"கூலி?"
"வேண்டாம்."
"அப்ப இன்னும் ஏதோ பழுது இருக்கு. சொல்லுங்கோ."

கூலி கேட்காத மெக்கானிக்கை
யார்தான் நம்புவார்கள்?
சொன்னேன்.
பெருவிரலையும் காட்டினேன்.
இஃப்லால் பிஸ்கற் தகரத்துக்குள் பார்த்துக்கொண்டு
தோள் குலுங்க நின்றான்.

அவள் சிரிக்கவில்லை.
"ஒன்பது வருசப் பெற்றோல்.
கழிச்சுப்போட்டு மிச்சத்தைச் சொல்லுங்கோ."

ஒரு கிழமைதானே ஒழுகினது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
லொறி உறுமாமல் கொள்ளாமல்
கொட்பேப் பக்கம் திரும்பிவிட்டது.

பெட்டியின் அட்டையில் எழுதிக் கழிக்கலாம் என்றால்
மான் அதைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது.