கேரண்டி மூன்று மாதம்

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
வலைக் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
ஒரு ஷட்டர் அகலம்.
உள்ளே சுவரெல்லாம் டிரில் மெஷின்கள்,
துபாயிலும் தம்மாமிலும் வேலை பார்த்துவிட்டு
கண்டெய்னரில் ஊர் திரும்பியவை.
"களைச்சுப் போயிருக்குமே" என்றேன்.
"கார்பன் பிரஷ் புதுசு சிஸ்டர், வயர் புதுசு, சுவிட்ச் புதுசு,
பெயிண்ட் நேத்துதான்" என்றார் நெய்னா.
பழசு எது?
கொஞ்சம் யோசித்து, "மத்ததெல்லாம்" என்றார்.
அந்தப் பதிலுக்காகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பச்சை ஒன்றை எடுத்தேன்.
"அது வேணாம், சவூதி நூத்திப்பத்து வோல்ட்,
நம்ம கரண்ட் பட்டா அந்த நிமிஷமே புகை"
என்று பிடுங்கி மேலே வைத்தார்.
எனக்குத் தெரிந்த இரண்டு ஆண்கள்
ஊர் திரும்பி அப்படித்தான் ஆனார்கள்.
சொல்லவில்லை.

நீலத்தை ஓட்டச் சொன்னேன்.
எடுபிடிப் பையன் ரிஸ்வி காதைப் பொத்தினான்.
கைப்பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்த
ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து
மோட்டாரின் முதுகில் வைத்தேன்.
நெய்னா சிரித்தார்.
பிறகு சிரிப்பதை நிறுத்தினார்.
இருபத்து மூன்று வருஷம்
மண்டபம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு கேட்ட காது:
ஓட்டத்துக்கு அடியில் இன்னொரு ஓட்டம்,
சோற்றில் மணல் கடிபடுவது போல.
"பின்பக்க பேரிங்" என்றேன்.
வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.
வெகுநேரம் கேட்டார்.
"எனக்கு நெஞ்சு பார்த்த டாக்டருகூட
இவ்வளவு நேரம் வெச்சதில்ல."
நானூறு ரூபாய் குறைந்தது.
ஒரு ஜிக்சாவும் சேர்த்து பில்.
மஞ்சள் அட்டையில் மூன்று மாதம் கேரண்டி,
அதன் கீழே பொடி எழுத்தில்:
உப்புக் காற்றுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

வேதாளையில் என் வீட்டுக்கும் கடலுக்கும் இடையே
ஒரு வேலியும் களஞ்சியத்தின் ஏழு ஆடுகளும்தான்.

இரவு செய்தித்தாள் விரித்து
மெஷினைக் கவிழ்த்துத் தட்டினேன்.
காற்றோட்டத் துளைகளிலிருந்து வெள்ளையாக மாவு கொட்டியது.
எங்கள் மணல் இந்த நிறமில்லை.
ஏதோ ஒரு ஊரில், இருபதாவது மாடியில்,
முகத்தில் துண்டு கட்டிய ஒருத்தன் போட்ட ஓட்டைகள்.
எடுத்து வைப்பதா என்று தயங்கினேன்.
அதற்குள் தும்மல் வந்து எல்லாம் போனது.

மேசை ஒன்று செய்யத்தான் இத்தனையும்.
என் உயரம் ஐந்தடி ஒன்பது.
பெண் பார்க்க வந்தவர்கள்
அண்ணாந்து பார்த்துவிட்டுப் போன உயரம்.
ஆஸ்பத்திரி ஊசி மேசை, வீட்டு அடுப்பு மேடை, வங்கி கவுண்டர்
எதுவும் எனக்கு எட்டி வரவில்லை; நான்தான் குனிந்தேன்.

எடைக்கு வாங்கிய பழைய வள்ளத்துப் பலகை.
உள்ளே ஒளிந்திருந்த ஆணி
ஜிக்சாவின் முதல் பிளேடை முறித்தது,
இரண்டாவதையும்.
மூன்றாவதுக்கு முன் பலகையை விரலால் தடவினேன்,
நரம்பு தேடுகிற மாதிரி.
வேலிக்கு அப்பாலிருந்து களஞ்சியம் கத்தினாள்:
"சிஸ்டர், இந்தச் சத்தத்துக்கு ஆடு பால் விட மாட்டேங்குது!"
அதனால் அவள் கறந்து முடித்த பிறகுதான்,
அதுவும் கரண்ட் இருந்தால்.

மூன்றாம் நாளே டிரில்லின் சாவியில்
செம்பட்டையாய் ஒரு பூச்சு.
தேங்காயெண்ணெய் தொட்ட காஸ் துணியில்
சுற்றிக் கட்டினேன்.
கட்டு ஒழுங்காக வந்தது,
அதில் எனக்குக் குறை வைக்க முடியாது.

நாலு கால்.
ஒன்று மட்டும் நூலளவு குட்டை.
ரம்பத்தைத் தொட்டால் அடுத்தது குட்டையாகும்,
பிறகு அதற்கடுத்தது,
கடைசியில் எல்லாரும் வாங்கும் மேசையாகிவிடும்.
மஞ்சள் அட்டையை நாலாக மடித்து
அடியில் செருகினேன்.
ஆட்டம் நின்றது.

இடுப்பு நிமிர்ந்து நின்று
முதல் வெங்காயத்தை அதில் நறுக்கினேன்.
டிரில்லில் அந்த இரண்டாவது சத்தம்
இன்னும் இருக்கிறது.
எனக்குத் தெரியும் என்பது
அதற்கும் தெரியும்போல,
பெரிதாகவில்லை.