நான்காவது திருகு

நான்கு நைலான் திருகுகள் வேண்டும்.
டப்பாவில் மூன்றுதான்.
பழைய ரேடியோவின் முதுகிலிருந்து
இரும்பில் ஒன்றைக் கழற்றினேன்.
ஒன்றே ஒன்றுதானே.

சமையல் மேசைமேல்
ஆன்டெனாவுக்கு எட்டு சென்டிமீட்டர் கம்பம் நட்டேன்.
கீழே பேட்டரி ஒயர்கள். மோட்டார் சீறும்போது
அவற்றில் ஓடும் மின்சாரம்
திசைகாட்டியின் காதில் எதையாவது ஓதிவிடும்.
அதனால் அந்த உயரம்.
மூடியின்மேல் ஓர் அம்புக்குறி, எள்ளளவு.
அது ட்ரோனின் மூக்கைப் பார்க்க வேண்டும்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
கோணிய பொட்டை நேராக்குகிற மாதிரி
நகத்தால் தள்ளினேன்.

சேன்ட்-ரோஸில் கரும்பு முடிகிற இடம்.
அதற்கப்புறம் எரிமலைக் குழம்பு,
ஆறிப்போன தாராய், கடல்வரை.
வேன் கதவில் சாய்ந்து எண்ணினான் ஃபப்ரிஸ் மர்தாய்:
ஆறு, ஒன்பது, பதினாலு செயற்கைக்கோள்.
திரையில் குட்டி வீட்டுப்படம் ஒன்று முளைத்தது.
காரைக்காலிலிருந்து வந்து பதினோரு வருடமாய்
படிவங்களில் நான் தயங்கி நிரப்பும் கட்டத்தை
ஒன்றரை நிமிடத்தில் நிரப்பிவிட்டது அது.

ஏற்றினேன்.
மூன்று ஆள் உயரத்தில் நின்றது.
நிற்கவில்லை.
மெல்ல ஒரு வட்டம்,
அதைவிடப் பெரிதாய் இன்னொன்று.
இல்லாத செக்கை இழுக்கிற மாடு.

"மலைதான்" என்றான். "பாறையெல்லாம் இரும்பு.
இங்கே எந்த ஊசியும் உண்மை பேசாது."
மலையைத் திட்டினோம்.
வேனை நகர்த்தினோம்: சாலையோரம், மைதானம்,
சர்ச்சுக்குப் பின்னால்.
ஒவ்வோர் இடத்திலும் ட்ரோனை
ஆறு பக்கமும் புரட்டிப் புரட்டி
வடக்கைச் சொல்லிக்கொடுத்தோம்.
ஒவ்வொரு முறையும் மஞ்சளில் ஓர் எச்சரிக்கை.
மலைக்கானது என்று எண்ணி மூடினேன்.
எங்கே போனாலும் அதே செக்கு.

தூறல் பிடித்தது. வேனுக்குள்
கம்பத்தை ஆட்டிப் பார்க்க
அவன் நீட்டிய காந்த ஸ்க்ரூடிரைவர்
டக்கென்று ஒட்டிக்கொண்டது
ஆன்டெனாவின் இடது மூலையில்.

கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம் மட்டும்.

திருகைப் பிடுங்கி
கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கி
ஈரப் புல்லில் நின்று மறுபடி புரட்டினேன்.
இந்த முறை பச்சை.
ஏறி நின்றது,
ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி.

மேகம் மூடிய மலைப்பக்கம் திரும்பி
தொப்பியைக் கழற்றினான் ஃபப்ரிஸ்.
"பர்தோன், மிஸ்யே."
என்னையும் சொல்லச் சொன்னான்.
பேட்டரி முப்பது சதவீதம் என்றேன்.