நான்கு மணி பத்து நிமிடம்

சிம்மக்கல்லில் மூன்றாம் மாடி.
கீழே பழ மண்டி, மேலே எட்டுக் கணினி.
என் பங்குக்கு வந்தது மத்தியதரைக் கடல்.

பக்கத்துக்கு ஆறு ரூபாய்.
ஒரு பாய்மரப் பந்தயத்தின்
ஐம்பத்து மூன்று வருஷத்துப் பதிவேடுகளை
ஏதோ ஒரு சங்கம் ஸ்கேன் எடுத்து அனுப்பியிருந்தது.
உப்புக் கறை, காபி வட்டம், நனைந்து ஊறிய கையெழுத்து.
எழுத்தை மட்டும் நான் பொறுக்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் வருஷம் ஏழே படகு.
ஒரு தீவைச் சுற்றி
புறப்பட்ட துறைக்கே வந்து சேர வேண்டும்.
அறுநூறு மைல் போய்
எங்கும் போகாமல் திரும்புவது.
மாசி வீதி சுற்றும் தேருக்காவது
உள்ளே ஒரு சாமி உண்டு.
இதில் ஈரச் சட்டையோடு ஐந்து பேர்,
உருளைக்கிழங்கு அரை மூட்டை.

காற்றுக்கு அங்கே வேறு வேறு பெயர்.
மிஸ்ட்ரால் என்று வருகிற இடத்திலெல்லாம்
வாடைக்கும் கோடைக்கும் நடுவில் ஒன்று என
மனசுக்குள் போட்டுக்கொண்டேன்.
சிரோக்கோ தென்கிழக்கிலிருந்து.
தென்றலுக்குப் பங்காளி என்று சொல்ல வாய் வரவில்லை;
பாலைவனத்து மணலை அள்ளிவந்து
பாயில் அப்பிவிட்டுப் போகுமாம்.

எட்டாம் வருஷம் காற்றே இல்லை.
கலங்கரை விளக்கம் கண்ணெதிரே இருக்க
முப்பத்தோரு மணி நேரம் ஒரு படகு நின்றிருக்கிறது.
மணிக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.
அசைவில்லை.
அசைவில்லை.
அசைவில்லை. வெங்காயம் தீர்ந்தது.
'மேற்படி' என்று போடக் கூடாது,
துளசிராம் சார் உத்தரவு.
முப்பத்தோரு முறையும் அடித்தேன்.
ஜன்னலுக்கு வெளியே வைகையும்
அதையேதான் எழுதிக்கொண்டு கிடந்தது.

பத்தொன்பதாம் வருஷம் புயல்.
கிளம்பியது நாற்பத்திரண்டு, வந்தது ஒன்பது.
வராததற்கெல்லாம் நேராக
டி. என். எஃப். என்று மூன்றெழுத்து.
முடிக்கவில்லை என்று அர்த்தம்.
பாய்மரம் முறிந்ததோ சுக்கான் கழன்றதோ
சமைக்கிறவனுக்குக் காய்ச்சல் கண்டதோ,
எதற்கும் அதே மூன்றெழுத்து.
என் பி.காமுக்கும் போடலாம்.

அந்த வருஷத்தின் கடைசிப் பக்கத்தில்
ஐந்தாவதாக வந்த ஒரு படகைப் பற்றி இருந்தது.
வழியில் கவிழ்ந்து கிடந்தவர்களை ஏற்றிக்கொள்ள
அது பந்தயத்தை விட்டுத் திரும்பியிருக்கிறது.
அடியில் நீல மையில் கமிட்டியின் குறிப்பு:
நின்ற நேரம் நான்கு மணி பத்து நிமிடம்.
திருப்பித் தரப்படுகிறது.

மறுபடி படித்தேன்.
அவ்வளவு நேரத்தையும் கழித்து
படகை இரண்டாம் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.
பாராட்டு என்று ஒரு சொல் கிடையாது.
வெறும் கழித்தல் கணக்கு.

பத்து நாள் முன்னால்
கோரிப்பாளையத்தில் ஒரு ஷேர் ஆட்டோ சாய்ந்தது.
முட்டைத் தட்டுகளுக்கு அடியில் ஒரு கால்.
ரஹ்மத்நிஷா என்கிற பெயர்
பெரியாஸ்பத்திரியில் சீட்டுப் போடும்போதுதான் தெரியும்.
எக்ஸ்ரே அறை வரைக்கும்
மஞ்சள் கரு காயாத கையோடு கூடவே நின்றேன்.
எனக்கு அரை நாள் சம்பளம் போனது.
துளசிராம் சார் கெட்டவர் இல்லை,
ரிஜிஸ்டர் அப்படி.

இன்று எல்லோரும் டீக்கு இறங்கியதும்
வருகைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி
அந்தத் தேதிக்கு நேராக எழுதிவைத்தேன்:
நின்ற நேரம் இரண்டு மணி இருபது நிமிடம்.
அடுத்த வரி கமிட்டி எழுத வேண்டியது.
இடம் விட்டிருக்கிறேன்.

அவர் வந்தார். பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
கீழே ரஸ்தாளித் தாருக்கு
யாரோ பத்துப் பத்தாக விலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது எந்த ரூல்ல இருக்கு, சோலையம்மா?"

"பத்தொன்பதாம் வருஷம், சார்.
கடைசிப் பக்கம்."