ஞாயிறு தாளின் நாலாம் பக்கம்

வெள்ளிக்கிழமை மதியம்
ஜெபப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டுவது என் வேலை.
சீட்டில் பெயர் இருக்காது.
பதினேழு வருஷமாய்த் தட்டச்சு செய்கிறவளுக்குப்
பெயர் எதற்கு?
ஊதா மை, வலப்பக்கம் சாய்ந்தால் மார்லிஸ்.
தச்சுப் பென்சில் என்றால் ஆர்லோ டீடமன்.
விதைக் கம்பெனி ரசீதின் முதுகில் இருந்தால்
ஆர்லோவின் தம்பி வெர்னன்.

முன்பெல்லாம் வருவது:
கண்புரை. மழை. வயிற்றில் திரும்பிக் கிடக்கும் கன்று.
கடற்படைக்குப் போன மகன்.
ஓடிப்போன நாய்; அது வீடு வந்த வாரம்
நன்றி சொல்லியும் ஒரு சீட்டு.
அயோவாவில் எங்கள் ஊர் அவ்வளவு பெரிது.

இந்த இலையுதிர் காலம்
பதினொரு சீட்டு. பதினொன்றிலும்
நாட்டுக்காக.
கர்த்தாவே, எங்கள் நாட்டைக் காப்பாற்றும்.
யாரிடமிருந்து என்று மட்டும்
ஒருவரும் எழுதவில்லை.

எழுத வேண்டியதுமில்லை.
மக்காச்சோளம் அறுத்த கையோடு
புல்வெளிகளில் அட்டைகள் முளைத்துவிட்டன,
சிவப்பில் ஒரு பெயர், நீலத்தில் ஒரு பெயர்.
டீடமன் வயலுக்கு
இத்தனை காலம் ஒரே அறுவடை இயந்திரம்.
இம்முறை இரண்டு வந்தன.
நடுவே நாலு வரிசையை
இருவரும் தொடாமல் விட்டார்கள்.
இப்போது அதை மான்கள் தின்கின்றன.

சிறுவர்களாய் ஒரே ஞாயிறு
ஒரே பதிப்பு வேதாகமம் பரிசு வாங்கியவர்கள்.
அண்ணன் பிரதியில் ஒரு வசனத்துக்கு அடிக்கோடு,
தம்பி பிரதியில்
அதற்கு அடுத்த வசனத்துக்கு.

என் வாசலில் அட்டை கிடையாது.
அதையும் ஓர் அட்டையாகவே வாசிக்கிறார்கள்.

நாலாம் பக்கத்தில் இருபத்திரண்டு வரிக்குத்தான் இடம்.
‘நாட்டுக்காக’ என்று ஒரே ஒரு முறை அடித்தேன்.
திங்களன்று மார்லிஸ் வந்தாள்,
கையுறையைக் கழற்றாமல்.
என் வேண்டுதலை விட்டுவிட்டாய் என்றாள்.
இதோ இருக்கிறதே என்று காட்டினேன்.
அது அவர்களுடையது என்றாள்.

சரி என்று அடுத்த வாரம்
பதினொரு முறை அடித்தேன்.
கோபம்தான், மறைப்பானேன்.
போதகர் இங்க்ரிட் தாளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார், வாசிக்கத் தொடங்கினார்.
நாட்டுக்காக.
கர்த்தாவே, கேட்டருளும் என்றது சபை.
நாட்டுக்காக.
கேட்டருளும்.
முதலில் இடப்பக்க பெஞ்சுகள் உரக்க,
போட்டிக்கு வலப்பக்கம்.
ஐந்தாவதில்
யாருடையதற்குக் குரல் கொடுக்கிறோம் என்று
கணக்குத் தப்பியது.
ஏழாவதில் ஒரு குழந்தை சிரித்தது.
பத்தாவது வரும்போது
கேட்டருளும் என்பது வெறும் மூச்சாய் இருந்தது,
இரண்டு பக்கமும் ஒரே களைப்பில்.

யாரும் மனந்திரும்பிவிடவில்லை.
சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில்
நடுப்பாதையை ஒருவரும் தாண்டவில்லை.
காப்பி மட்டும் சீக்கிரம் தீர்ந்தது.

அன்றிரவு நானும் ஒரு சீட்டு எழுதினேன்.
வெள்ளிக்கிழமை பெட்டியைக் கொட்டுகிறபோது
யார் கையெழுத்து என்று தெரிந்துவிடுமே,
கிழித்துப் போட்டேன்.

ஆர்லோ மூன்று மாதமாய்த்
திருவிருந்துப் படியில் முழங்காலிடுவதில்லை.
நின்றே அப்பம் வாங்குகிறார்.
இறைச்சி ஆலைக்கு வேலைக்கு வந்த அந்நியர்களைப் பற்றி
இங்க்ரிட் பிரசங்கித்த நாளிலிருந்து பாருங்கள்
என்றது ஒரு பக்கம், முகம் சுளித்து.
முதுகெலும்புள்ள மனுஷன் என்றது மறுபக்கம்.
அது எதிர்ப்புத்தான் என்பதில் மட்டும்
சபையில் பிளவில்லை.

இன்று பெட்டியைக் கவிழ்த்தேன்.
விதை ரசீது ஒன்று.
ஆர்லோவின் வலது முழங்கால்.
செவ்வாய் காலை ஆப்பரேஷன்.
அவனாக யாரிடமும் சொல்ல மாட்டான்.
அதன் கீழே, இரண்டு முறை அடிக்கோடிட்டு,
நாட்டுக்காக.

முழங்காலை முதல் வரியில் போட்டேன்.
நாட்டுக்கு
இடம் மிஞ்சினால் பார்க்கலாம்.